12 வாரங்களில் உறுப்புகள் எல்லாம் உருவாகிவிடுகின்றன என்றால், மீதமுள்ள 28 வாரங்கள் எதற்கு?

மழைத்துளி:

அனைவருக்கும் வணக்கம். இது எனக்குத் தலைப்பிரசவம். மருத்துவர் கணக்குப்படி இப்போது 13ஆம் வாரம் நடந்துகொண்டிருக்கிறது. சென்ற பரிசோதனையின்போது மருத்துவர் ஸ்கேன் திரையைக் காட்டி, தலை, முதுகெலும்பு, கை கால்கள், வயிறு, சிறுநீர்ப்பை ஆகியவை இந்தப் பருவத்தில் இருக்க வேண்டியபடி இருப்பதாகவும், முக்கிய உறுப்புகள் உருவாகும் கட்டம் முடிந்துவிட்டதாகவும் கூறினார். அந்த நேரத்தில் நிம்மதியாக இருந்ததால் வேறு எதையும் கேட்கத் தோன்றவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் கேள்விகள் வரிசையாக எழுந்தன.

எல்லா உறுப்புகளும் இப்போதே உருவாகிவிட்டன என்றால், இனி வரும் 28 வாரங்களில் குழந்தை பெரிதாவது மட்டும்தான் மிச்சமா? என் கைப்பேசிச் செயலி அப்படித்தான் எண்ண வைக்கிறது. வாரத்துக்கு ஒரு காய் அல்லது கனியின் பெயரைச் சொல்லி, குழந்தை அந்த அளவு வளர்ந்துவிட்டது என்பதோடு முடித்துக்கொள்கிறது. ஆனால் வளர்ச்சி என்பது அளவு மட்டுமே என்றால், 28 வாரத்தில் பிறக்கும் குழந்தை வாரக்கணக்கில் தீவிர சிகிச்சையில் இருக்க வேண்டிய தேவை ஏன் ஏற்படுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. நான் படிக்கும் ஒரு புத்தகம், இதயம் துடிக்கத் தொடங்குவது நான்காம் வாரத்தில் என்கிறது. செயலி ஆறாம் வாரம் என்கிறது. இரண்டில் எது சரி?

கடைசியாக ஒன்று. கர்ப்பம் என்று தெரியவருவதற்கு முன்பு, காய்ச்சலுக்காகச் சில வேளை பாராசிட்டமால் எடுத்துக்கொண்டேன். மருத்துவரிடம் சொன்னபோது கவலைப்பட ஒன்றுமில்லை என்றார். அவர் சொல்லை நான் நம்புகிறேன். இருந்தாலும் எந்தக் காலத்தில் எது பாதிக்கும், எது பாதிக்காது என்பதன் பின்னணியைத் தெரிந்துகொண்டால் மனம் இன்னும் தெளிவடையும். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


உடற்கூறு ஆசிரியர்:

சகோதரி, உங்கள் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. நான் மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியலும் கருவியலும் கற்பிப்பவன். கர்ப்பிணிகளுக்குச் சிகிச்சை அளிப்பவன் அல்லன். எனவே கரு எப்படி உருவாகிறது என்பதை மட்டும் சொல்கிறேன். உங்கள் உடல்நிலை குறித்த முடிவுகள் உங்கள் மருத்துவருடையவை.

கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். கருத்தரித்த நாள் இதுதான் என்று உறுதியாகச் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. கடைசி மாதவிடாய் தொடங்கிய நாளைப் பெரும்பாலோர் நினைவில் வைத்திருப்பார்கள். ஆகவே மகப்பேறு மருத்துவம் அந்த நாளிலிருந்து 280 நாட்களை, அதாவது 40 வாரங்களை எண்ணுகிறது. மாதச் சுழற்சி 28 நாட்களாக இருப்பவருக்குக் கருமுட்டை வெளிப்படுவது ஏறத்தாழ 14ஆம் நாளில் என்பதால், கருவின் உண்மையான வயது மருத்துவர் சொல்லும் எண்ணைவிட இரண்டு வாரம் குறைவாகவே இருக்கும். கருவியல் நூல்கள் பெரும்பாலும் உண்மை வயதையே பயன்படுத்துகின்றன. செயலிகள் மருத்துவர் கணக்கைப் பின்பற்றுகின்றன. உங்கள் புத்தகமும் செயலியும் இதயத்தைப் பற்றிச் சொல்வது ஒரே நாட்களைத்தான். சுழற்சி நீண்டவர்களுக்கும் ஒழுங்கற்றவர்களுக்கும் இந்த இரண்டு வார வேறுபாடு பொருந்தாது என்பதாலேயே, முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தை அளந்து தேதியைச் சரிபார்க்கிறார்கள். கீழே "மருத்துவர் கணக்கில்" என்று குறிப்பிடாத இடங்களில் நான் "நாள்", "வாரம்" என்று எழுதுவதெல்லாம் கருவுற்றதிலிருந்து எண்ணிய உண்மை வயது.

வளர்ச்சி வேறு, பெரிதாவது வேறு என்பதற்கு முதல் ஐந்து நாட்களே சான்று. கருக்குழாயின் அகன்ற பகுதியில் விந்தணுவும் கருமுட்டையும், ஒவ்வொன்றும் 23 குரோமோசோம்களுடன், ஒன்று சேர்கின்றன. அதன்பின் அந்த ஒற்றைச் செல் இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிந்துகொண்டே கருப்பையை நோக்கி நகர்கிறது. செல்களின் எண்ணிக்கை பெருகுகிறதே தவிர, அதைச் சுற்றியுள்ள உறைக்குள் மொத்த அளவு ஏறக்குறைய மாறுவதில்லை. ஒவ்வொரு பிரிவிலும் செல்கள்தாம் சிறியனவாகின்றன. ஐந்தாம் நாளையொட்டி அது உள்ளே நீர் நிறைந்த ஒரு கோளமாகிறது. வெளிச்சுவரில் உள்ள செல்கள் பிற்காலத்தில் நஞ்சுக்கொடியாகப் போகின்றவை; உள்ளே ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும் சிறு செல்திரளிலிருந்துதான் குழந்தை உருவாகிறது. அதாவது, தன்னை ஊட்டி வளர்க்கப்போகும் உறுப்புக்கான ஏற்பாட்டைக் கரு தன் உடலை வகுப்பதற்கு முன்பே செய்துவிடுகிறது. ஆறாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் அது உறையை விட்டு வெளியேறிக் கருப்பையின் உட்சுவரில் பதிகிறது.

என்னைக் கேட்டால், ஒரு மனித வாழ்க்கையின் மிக முக்கியமான வாரம் மூன்றாவது வாரம்தான் என்பேன். தட்டையான ஒரு படலமாக இருக்கும் கரு அந்த வாரத்தில் மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது. மேலடுக்கிலிருந்து தோலும் மூளை, தண்டுவடம் உள்ளிட்ட நரம்பு மண்டலமும், நடு அடுக்கிலிருந்து எலும்பு, தசை, இதயம், இரத்தம், சிறுநீரகம் ஆகியவையும், கீழடுக்கிலிருந்து குடல், கல்லீரல், நுரையீரல் ஆகியவற்றின் உட்பரப்பும் தோன்றுகின்றன. நாம் காண்கின்ற எந்த உறுப்பையும் பின்னோக்கித் தேடிச் சென்றால் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில், அல்லது ஒன்றுக்கு மேற்பட்டவற்றில், போய் முடியும். அப்போது கருவின் நீளம் ஓரிரு மில்லிமீட்டர் மட்டுமே. தாய்க்கு மாதவிடாய் தள்ளிப்போய்ச் சில நாட்கள்கூட ஆகியிருக்காது.

ஏறக்குறைய 22ஆம் நாளில் இதயம் துடிக்கத் தொடங்குகிறது. நான்கு அறைகள் கொண்ட இதயம் அல்ல அது. இரண்டு குழாய்கள் இணைந்து ஒன்றான ஒரு தசைக்குழாய். அது நீண்டு, மடிந்து, உள்ளே தடுப்புச் சுவர்கள் எழுந்து அறைகள் பிரிய இன்னும் நான்கைந்து வாரங்கள் ஆகும். துடித்துக்கொண்டே தன்னைக் கட்டிக்கொள்ளும் உறுப்பு என்பதால், பிறவிக் குறைபாடுகளில் இதயம் சார்ந்தவை அதிகமாக இருப்பதில் வியப்பில்லை. இதே நாட்களில் முதுகுப்புறத்தில் ஒரு பள்ளம் விழுந்து, அதன் இரு கரைகளும் மேலெழுந்து ஒன்று சேர்ந்து நரம்புக்குழாயாகின்றன. அதன் தலைப்பக்கத் திறப்பு 25ஆம் நாளையொட்டியும், கீழ்ப்பக்கத் திறப்பு 28ஆம் நாளுக்குள்ளும் மூடிவிட வேண்டும். மூடாமல் விட்டுப்போனால் மூளையிலோ தண்டுவடத்திலோ கடுமையான குறைபாடு நிலைத்துவிடும். கருத்தரிக்கத் திட்டமிடும்போதே நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் எடுக்கச் சொல்வதன் காரணம் இந்தத் தேதிகள்தாம்; கர்ப்பம் உறுதியாகி மாத்திரை கைக்கு வரும்போது அந்தக் குழாய் பெரும்பாலும் மூடி முடிந்திருக்கும்.

அடுத்த நான்கு வாரங்களில் கை கால்கள் மொட்டுகளாகக் கிளம்பி, தட்டையான துடுப்பு வடிவம் பெற்று, பிறகு விரல்களாகப் பிரிகின்றன. விரல்கள் தனித்தனியே முளைப்பதில்லை. இடையிலுள்ள செல்கள் திட்டமிட்டபடி இறந்து விலகுவதால்தான் அவை பிரிகின்றன. இன்னொரு வியப்பு குடல். வயிற்றில் இடம் போதாமல் அது தொப்புள்கொடிக்குள் தள்ளப்பட்டு, அங்கேயே வளர்ந்து, சுழன்று, மருத்துவர் கணக்கில் 12ஆம் வாரத்தையொட்டி வயிற்றுக்குள் திரும்புகிறது. முகம், கண், செவி, சிறுநீரகம் ஆகியவற்றின் கதைகளை எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு முடியாது. எட்டாம் வார முடிவில், மருத்துவர் கணக்கில் 10ஆம் வாரத்தில், சுமார் 3 செ.மீ. நீளமுள்ள உடலில் முக்கிய உறுப்புகள் எல்லாம் தத்தம் இடத்தில் அமைந்திருக்கும். உங்கள் மருத்துவர் சொன்னது இதைத்தான்.

இனி மாத்திரை பற்றிய கேள்வி. முதல் இரண்டு வாரங்களில் பெரிய தீங்கு நேர்ந்தால் கரு பெரும்பாலும் பதியாமலோ நிலைக்காமலோ போய்விடும். சில செல்கள் மட்டும் சேதமடைந்தால், எஞ்சியவை அந்த இடத்தை நிரப்பிக்கொண்டு கரு இயல்பாக வளரும். மூன்றாம் வாரத்திலிருந்து எட்டாம் வாரம் வரையிலான காலமே உறுப்புகளின் வடிவம் பாதிக்கப்படக்கூடிய காலம். 1950களின் இறுதியில் வாந்தியையும் தூக்கமின்மையையும் போக்கக் கொடுக்கப்பட்ட தாலிடமைடு என்ற மருந்து இதற்குக் கசப்பான சான்று. 1961இல் ஜெர்மனியில் லென்ஸ் என்ற மருத்துவரும் ஆஸ்திரேலியாவில் மெக்பிரைடு என்ற மருத்துவரும் எச்சரித்த பின்னரே அது விலக்கிக்கொள்ளப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் குறைந்த நீளமுடைய கை கால்களுடன் பிறந்திருந்தார்கள். ஏறத்தாழ 20ஆம் நாளுக்கும் 36ஆம் நாளுக்கும் இடைப்பட்ட குறுகிய காலத்தில் அதை உட்கொண்ட தாய்மார்களின் குழந்தைகளே பாதிக்கப்பட்டனர். எந்த நாளில் உட்கொண்டார் என்பதைப் பொறுத்துப் பாதிக்கப்படும் உறுப்பும் மாறியது. அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே, 1941இல், கண் மருத்துவர் நார்மன் கிரெக், கர்ப்பத்தின் தொடக்கத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் குழந்தைக்குக் கண்புரை ஏற்படுவதைக் கண்டறிந்திருந்தார்.

ஆக, எந்தப் பொருள், எந்த நாளில், எவ்வளவு என்ற மூன்றும் சேர்ந்தே விளைவைத் தீர்மானிக்கின்றன. பாராசிட்டமால் உரிய அளவில் சில வேளை எடுத்துக்கொள்வது கர்ப்ப காலக் காய்ச்சலுக்கு வழக்கமாக அனுமதிக்கப்படுவதுதான். உண்மையில், நரம்புக்குழாய் மூடும் நாட்களில் கடுங்காய்ச்சலைத் தணிக்காமல் விடுவதுதான் கவலைக்குரியது. ஆனால் எட்டு வாரம் கடந்துவிட்டதால் இனி எதுவும் பாதிக்காது என்று பொருள் கொள்ள வேண்டாம். மூளை கடைசி நாள் வரை உருவாகிக்கொண்டே இருக்கிறது. மதுவுக்குப் பாதுகாப்பான அளவு என்று கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் எதுவும் நிறுவப்படவில்லை.


இரவுப்பணி:

ஆசிரியர் உருவாவதைப் பற்றி எழுதிவிட்டார். நான் பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருப்பவள். உங்கள் தலைப்புக் கேள்விக்கான விடையை நாள்தோறும் கண்ணெதிரே காண்பவள். உறுப்பு இருக்கிறது என்பதற்கும் அது தானாக வேலை செய்கிறது என்பதற்கும் இடையிலுள்ள தொலைவுதான் நீங்கள் கேட்கும் 28 வாரங்கள்.

குறைமாதக் குழந்தையின் சிக்கல் அதன் சிறிய உருவம் என்று பலரும் நினைக்கிறார்கள். முழுமாதத்தில் பிறந்து 2 கிலோ மட்டுமே எடையுள்ள குழந்தை பெரும்பாலும் தானாகவே மூச்சு விடும். அதே 2 கிலோவுடன் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த குழந்தை மூச்சுக்குத் திணறக்கூடும். 1963இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முன்னதாக, 2 கிலோவுக்குச் சற்று அதிகமான எடையில் பிறந்து, நுரையீரல் முதிராத காரணத்தால் இரண்டே நாட்களில் இறந்தது உலகமே அறிந்த செய்தி. ஒரு நாட்டின் தலைவருக்கே அன்று கிடைக்காத சிகிச்சை இன்று பல மருத்துவமனைகளில் இயல்பாகக் கிடைக்கிறது.

நுரையீரலைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மூச்சுக்குழாயின் கிளைகள் முதல் சில மாதங்களிலேயே பிரிந்துவிடுகின்றன. ஆனால் ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்க வேண்டிய நுண்ணிய காற்றறைகளும் அவற்றை ஒட்டிய இரத்த நுண்குழாய்களும் 24ஆம் வாரத்துக்குப் பிறகே போதிய அளவு உருவாகத் தொடங்குகின்றன. (என் வாரக்கணக்கு முழுவதும் மருத்துவர் கணக்கு.) காற்றறைகள் இருந்தாலும் போதாது. நனைந்த இரண்டு பிளாஸ்டிக் தாள்கள் ஒட்டிக்கொண்டால் பிரிப்பது எவ்வளவு கடினமோ, அப்படித்தான் ஈரமான காற்றறைகளின் சுவர்களும் ஒவ்வொரு முறை மூச்சை வெளியே விடும்போதும் ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அதைத் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்ற கொழுப்பு கலந்த ஒரு சுரப்பு. அது 24ஆம் வாரத்தையொட்டிச் சிறிது சிறிதாகச் சுரக்கத் தொடங்கி, 35ஆம் வாரத்தையொட்டித்தான் போதுமான அளவை எட்டுகிறது. குறைமாதக் குழந்தைகளின் மூச்சுத்திணறலுக்கு இந்தச் சுரப்பின் குறைவே காரணம் என்பதை 1959இல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் காட்டினர். குறைப்பிரசவம் நெருங்கும் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் குழந்தையின் நுரையீரல் விரைவாக முதிர்கிறது என்பதை 1972இல் நியூசிலாந்தின் லிக்கின்ஸும் ஹவியும் வெளியிட்டனர். 1980இல் ஜப்பானின் ஃபுஜிவாரா, வெளியில் தயாரித்த சர்ஃபாக்டன்ட்டைக் குழந்தையின் மூச்சுக்குழாய் வழியே செலுத்தி வெற்றி கண்டார். எங்கள் பிரிவில் இன்று பிழைக்கும் குழந்தைகளில் பலர் இந்த மூன்று கண்டுபிடிப்புகளுக்குக் கடன்பட்டவர்கள்.

மூளையின் நிலையும் இதுதான். 24ஆம் வாரத்தில் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய வழவழப்பாக இருக்கும். மடிப்புகளும் பள்ளங்களும் பெரும்பாலும் அதற்குப் பிறகே விழுகின்றன. 35ஆம் வாரத்தில்கூட மூளையின் எடை முழுமாதக் குழந்தையின் மூளை எடையில் மூன்றில் இரண்டு பங்குதான். மூச்சு விட வேண்டும் என்று இடைவிடாமல் கட்டளையிடும் மையம் முதிராததால், குறைமாதக் குழந்தைகள் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே திடீரென்று நிறுத்திவிடுவார்கள். அலாரம் ஒலித்ததும் ஓடிப்போய்ப் பாதத்தை மெல்லத் தட்டினால் பெரும்பாலும் மீண்டும் தொடங்கிவிடுவார்கள். உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று மோதாமல் செய்யும் திறன் 34ஆம் வாரத்தையொட்டியே வருகிறது. அதுவரை பால் குழாய் வழியாகத்தான்.

வெளியே தெரியாத சேமிப்புகளும் கடைசி மூன்று மாதத்தில்தான் நடக்கின்றன. பிறந்த பிறகு சில மாதங்களுக்குத் தேவையான இரும்புச்சத்து, எலும்புகளுக்கான கால்சியத்தின் பெரும்பகுதி, உடல் வெப்பத்தைக் காக்கும் கொழுப்பு ஆகியவை அப்போதுதான் சேர்கின்றன. தாய் தன் வாழ்நாளில் எதிர்கொண்ட நோய்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு அதிகம் கடத்தப்படுவதும் இந்தக் காலத்தில்தான். விழித்திரையின் இரத்தக் குழாய்கள் 16ஆம் வாரத்தையொட்டிப் பரவத் தொடங்கி, அதன் விளிம்பை எட்டுவது பிரசவத்தை நெருங்கும்போதுதான். அதனால்தான் மிகவும் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளின் கண்களை மருத்துவர்கள் தொடர்ந்து பரிசோதிக்கிறார்கள். மருத்துவக் காரணம் எதுவுமின்றி 39 வாரத்துக்கு முன் பிரசவத்தை வரவழைக்க வேண்டாம் என்று இன்று வலியுறுத்தப்படுவதும் இவற்றால்தான். நல்ல நாள் பார்த்து முன்கூட்டியே பிள்ளை பெற விரும்புவோர் கவனிக்க வேண்டிய இடம் இது.


மழைத்துளி:

இருவருக்கும் மிக்க நன்றி. செயலியின் பழப் பட்டியலை இனி நான் பொருட்படுத்தப் போவதில்லை. இன்னும் இரண்டு ஐயங்கள். நுரையீரல் வேலை செய்யாமல் இத்தனை மாதம் குழந்தை எப்படி உயிர் வாழ்கிறது? என் இரத்தம்தான் அதன் உடலிலும் ஓடுகிறதா? மேலும், அசைவை எப்போது உணர்வேன்? எனக்கு இதுவரை எதுவும் தெரியவில்லை.


உடற்கூறு ஆசிரியர்:

உங்கள் இரத்தம் குழந்தையின் உடலில் ஓடுவதில்லை. இரண்டும் இயல்பாகக் கலப்பதே இல்லை. நஞ்சுக்கொடியில் குழந்தையின் இரத்தக் குழாய்களைத் தாங்கிய நுண்ணிய விரலிகள் கிளைகிளையாக நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைச் சுற்றியுள்ள குளத்தில் உங்கள் இரத்தம் பாய்கிறது. நடுவிலுள்ள மெல்லிய சுவரைத் தாண்டி ஆக்சிஜனும் குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் அங்கே செல்ல, கார்பன் டை ஆக்சைடும் யூரியாவும் இங்கே வருகின்றன. குழந்தையின் ஹீமோகுளோபின் உங்களுடையதைவிட ஆக்சிஜனை இறுகப் பற்றும் வகையைச் சேர்ந்தது என்பதால், உங்கள் இரத்தத்திலிருந்து அதை எளிதாக இழுத்துக்கொள்கிறது. இந்தச் சுவர் எல்லாவற்றையும் தடுக்கும் அரண் அன்று என்பதையும் நினைவில் வையுங்கள். மது, நிகோடின், பல மருந்துகள், சில கிருமிகள் ஆகியவை அதைத் தாண்டிவிடும்.

தொப்புள்கொடியில் மூன்று குழாய்கள் உண்டு. அதிலுள்ள ஒரே சிரை ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தைக் குழந்தைக்குக் கொண்டு செல்ல, இரண்டு தமனிகள் கழிவைத் திருப்பிக் கொண்டு வருகின்றன. நுரையீரலுக்கு அதிக இரத்தம் தேவையில்லாததால், இதயத்தின் மேலறைகளுக்கு இடையே ஒரு திறப்பும், நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் இடையே ஒரு குறுக்கு வழியும் அமைந்துள்ளன. பிறந்தவுடன் குழந்தை முதல் மூச்சை இழுக்க, நுரையீரலில் இரத்த ஓட்டம் பெருகி, அழுத்த வேறுபாட்டால் அந்தத் திறப்பு சாத்திக்கொள்கிறது. குறுக்கு வழி சில நாட்களுக்குள் சுருங்கி அடைபடுகிறது. கருவின் உடலமைப்பில் என்னை மீண்டும் மீண்டும் வியக்க வைக்கும் பகுதி இதுவே: பிறப்புக்கு முன் ஒரு வழியும் பிறந்த பின் வேறொரு வழியும் தேவை என்பது முன்கூட்டியே ஏற்பாடு செய்யப்பட்டிருக்கிறது.

அதற்காக நுரையீரல் சும்மா இருப்பதாக எண்ண வேண்டாம். குழந்தை மூச்சு விடுவது போன்ற அசைவுகளைச் செய்து பழகிக்கொண்டே இருக்கிறது. நுரையீரல் சரியாக விரிந்து வளர அந்தப் பயிற்சியும் அதற்குள் நிறைந்திருக்கும் நீரும் தேவை. பனிக்குடநீரை விழுங்குவதும் அதைச் சிறுநீராக வெளியேற்றுவதும் அப்படியே. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குடநீரின் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான் என்பதால், ஸ்கேனில் அந்த நீர் மிகவும் குறைந்திருந்தால் சிறுநீரகத்தையும் நஞ்சுக்கொடியையும் மருத்துவர்கள் கவனித்துப் பார்க்கிறார்கள்.


கடலோசை:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் அல்லன். 12 வாரத்திலேயே குழந்தைக்குக் காது கேட்கும், அப்போதிலிருந்தே பாட்டும் கதையும் ஒலிக்க விட்டால் அறிவு கூடும் என்று பல இடங்களில் படித்திருக்கிறேன். வயிற்றின் மேல் ஒலிபெருக்கியை வைத்துக் கேட்க வைக்கும் கருவிகள்கூட விற்கிறார்கள். தோழி அதையும் கருத்தில் கொள்ளலாமே?


இரவுப்பணி:

நண்பரே, 12 வாரத்தில் செவியின் வெளிமடல் உருவாகியிருக்கும். ஆனால் ஒலியை உணரும் உட்செவி வேலை செய்யத் தொடங்குவது 20ஆம் வாரத்தை ஒட்டித்தான். ஒலிக்குக் குழந்தை சீராக எதிர்வினை காட்டுவது 25ஆம் வாரத்தை நெருங்கும்போது. அதற்கு முன் ஒலிக்க விடுவது பெற்றோரின் மகிழ்ச்சிக்கு உதவலாம், குழந்தையை எட்டுவதில்லை. எட்டிய பிறகும், தாயின் இதயத் துடிப்பு, குடலின் ஓசை, தாயின் குரல் ஆகியவையே அதன் உலகில் ஓங்கி ஒலிப்பவை. வெளியிலிருந்து வருபவை மழுங்கலாகவே சென்று சேரும். 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற ஆய்வாளர்கள், பிறந்து மூன்று நாட்களுக்குள் இருந்த குழந்தைகள் தங்கள் தாயின் குரலைக் கேட்பதற்காகவே சூப்பியை உறிஞ்சும் விதத்தை மாற்றிக்கொண்டதைக் காட்டினர். குரலைக் குழந்தை அறிகிறது என்பதற்கு இது நல்ல சான்று. பாட்டால் அறிவு கூடும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. வயிற்றின் மேல் ஒலிபெருக்கியை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். தாய் இயல்பாகப் பேசுவதே போதும்.


இரட்டையரின் அம்மா:

அசைவைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதலாம் என்று வந்தேன். தங்கையே, 13ஆம் வாரத்தில் எதுவும் தெரியாதது முற்றிலும் இயல்பு. குழந்தை எட்டு வாரத்தையொட்டியே அசையத் தொடங்கிவிடுகிறது என்றாலும், அந்த அசைவு கருப்பைச் சுவரில் உறைக்கும் அளவுக்கு வலுப்பெறப் பொதுவாக 16 முதல் 20 வாரங்கள் ஆகும். தலைப்பிரசவத்தில் 20 வாரம் வரைகூடத் தெரியாமல் இருக்கலாம். நஞ்சுக்கொடி கருப்பையின் முன்சுவரில் அமைந்திருந்தால் அது நடுவில் நின்று தடுப்பதால் இன்னும் சற்றுத் தாமதமாகும். எனக்கு முன்சுவரில் ஒன்றும் பின்சுவரில் ஒன்றுமாக இருந்ததால், ஒருத்தியை முதலில் உணர்ந்து, மற்றவள் ஏன் அசையவில்லை என்று வீணாகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் அது உதையாகத் தோன்றாது. வாயுத் தொல்லை என்று நினைத்துப் பலரும் விட்டுவிடுவார்கள்.

ஆசிரியரிடம் ஒரு சிறு கேள்வி. என் பெண்கள் இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்தவர்கள். ஆனால் கைரேகை வேறாக இருக்கிறது. அது எப்படி?


உடற்கூறு ஆசிரியர்:

விரல் நுனிகளின் வரிகள் மரபணுவால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை, அம்மா. மருத்துவர் கணக்கில் ஏறத்தாழ 10ஆம் வாரத்துக்குப் பின் தோலின் கீழடுக்கு மடிப்பு மடிப்பாக வளரத் தொடங்கி, 17ஆம் வாரத்தையொட்டி அந்த வரிகள் நிலைபெற்றுவிடுகின்றன. அந்த வாரங்களில் விரல் நுனியின் பருமன், தோல் வளரும் வேகம், சுற்றியுள்ள அழுத்தம் ஆகியவற்றில் ஏற்படும் சிறு சிறு வேறுபாடுகள் வரியின் போக்கை மாற்றிவிடும். ஒரே மரபணு, ஒரே கருப்பை. இருந்தும் இருவர் கிடந்த இடம் ஒன்றல்ல. உங்கள் குழந்தைகள் இருவரும் பெண்கள் என்பதால் இன்னொன்றும் சொல்கிறேன்: பெண் சிசுவின் சினைப்பையில் 20ஆம் வாரத்தையொட்டிக் கருமுட்டைச் செல்கள் 60 முதல் 70 லட்சம் வரை பெருகி, பிறக்கும்போது 10 முதல் 20 லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. அதற்குப் பிறகு அவை பெருகுவதில்லை.


இரவுப்பணி:

அசைவு குறித்துச் சகோதரி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மருத்துவமனைக்குத் தாமதமாக வந்தவர்களின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். 24 வாரம் கடந்தும் அசைவே தெரியவில்லை என்றால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். 28ஆம் வாரத்துக்குள் உங்கள் குழந்தைக்கென்று ஓர் ஒழுங்கு அமைந்துவிடும். எந்த நேரத்தில் துள்ளும், எப்போது உறங்கும் என்பது உங்களுக்கே பழகிவிடும். இத்தனை உதை இருக்க வேண்டும் என்ற பொது எண்ணிக்கையைவிட, அந்த ஒழுங்கில் ஏற்படும் மாற்றத்தைக் கவனிப்பதே பயன் தரும். பிரசவம் நெருங்கும்போது இடம் போதாமல் குழந்தை அசைவைக் குறைத்துக்கொள்ளும் என்று சொல்லப்படுவது தவறு. அசையும் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. குறைந்ததாகத் தோன்றினால் மறுநாள் வரை காத்திருக்காமல் அப்போதே, நள்ளிரவானாலும், மருத்துவமனையைத் தொடர்புகொள்ளுங்கள். வீட்டில் வைத்து இதயத் துடிப்பைக் கேட்கும் கருவியில் ஒலி கேட்டது என்பதற்காகப் பயணத்தைத் தள்ளிப்போட வேண்டாம். அதில் கேட்பது உங்கள் சொந்த இரத்த ஓட்டமாகவும் இருக்கலாம், குழந்தையின் துடிப்பே ஆனாலும் அது நலமாக இருக்கிறது என்பதற்கு அந்த ஒலி மட்டும் போதிய ஆதாரம் ஆகாது.